பூட்டின எக்செல்லும் அண்ணாச்சியோட அரியர்ஸும்

இன்னைக்குப் பதிவுல காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். வயித்துக்கு ஒத்துக்காதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம். மூணு ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சுட்டு எழுதறேன், அதான்.

விஷயம் இதுதான். எக்செல்ல ஒரு கணக்கு ஷீட்டைப் போட்டு, அதை இஎக்ஸ்இ ஃபைலா மாத்தி, உள்ள இருக்கிற ஃபார்முலா ஒண்ணும் கண்ணுல படாதபடி பூட்டி, ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடற மாதிரி லைசென்ஸ் கீ போட்டு விக்கிறாங்களே, அந்த வியாபாரத்தைப் பத்தி. வருமான வரிக்கு ஒண்ணு, அரியர்ஸுக்கு ஒண்ணு, பென்ஷனுக்கு ஒண்ணு, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸுக்கு ஒண்ணுன்னு வகைவகையா கிடைக்குது. உங்க வீட்டுல ரிட்டயரான அப்பாவோ மாமனாரோ இருந்தா, அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க. ஒரு மூலையில இப்படி ஒண்ணு உக்காந்திருந்தாலும் இருக்கும்.

என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தரோட பணம் இவ்வளவுன்னு சொல்ற கணக்கை அவர் கண்ணுலயே காட்டாம பூட்டி வெக்கக்கூடாது. காசு வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. கணக்கைக் காட்டுங்க.

நிற்க. கதைக்கு வருவோம்.

நாக்பூர்ல எங்க பில்டிங் ரெண்டாவது மாடியில ஒரு திருநெல்வேலிக்காரர் இருக்கார். எங்க வங்கியிலயே மேனேஜரா இருந்து 2023 ஆகஸ்ட் 31-ம் தேதி ரிட்டயரானவர். பில்டிங்ல மத்தவங்களுக்கு அவர் 'காகா', எங்களுக்கு அண்ணாச்சி. முப்பது வருஷத்துக்கு மேல வடக்க சுத்தியும் அந்தச் 'சொல்லுதேன், கேக்குதேன்' மட்டும் போகவே இல்லை.

வங்கிக்கு வெளியில இருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை சம்பள ஒப்பந்தம். பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து முடியறதுக்குள்ள காலம் ஓடிடும், அதனால பின்தேதியிட்டுத்தான் அமலாகும். 12-வது ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச் 8. அமல் 2022 நவம்பர் 1-ல இருந்து. நடுவுல இருக்கிற மாசங்களுக்குப் புதுச் சம்பளத்துக்கும் பழைய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அரியர்ஸ். நடுவுலயே ரிட்டயரானவருக்கு ரிட்டயரான மாசம் வரைக்கும் சம்பள அரியர்ஸ் உண்டு. பென்ஷன், கிராஜுவிட்டி வித்தியாசம் தனிக்கணக்கு, அதை இங்க விட்டுடுவோம். அப்ப அண்ணாச்சிக்கு 2022 நவம்பர்ல இருந்து 2023 ஆகஸ்ட் வரைக்கும், பத்து மாசம்.

வங்கி அவர் கணக்குல போட்டது 1,24,000 ரூபாய் சொச்சம்.

அண்ணாச்சி கையில இருந்த 'அரியர்ஸ் சாஃப்ட்வேர்' சொன்னது 2,10,000 ரூபாய் சொச்சம்.

எண்பத்தாறாயிரம் துண்டு விழுந்தா யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? எங்க ஆபீஸ்ல அரியர்ஸ் பாக்கிற செக்ஷன்ல ஒரு மராத்திப் பொண்ணு இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்தப்ப லெட்ஜர்னா என்ன, வவுச்சர்னா என்னன்னு அண்ணாச்சிதான் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தார். 'சார், சார்'னு அவ்வளவு மரியாதையா இருக்கும். அந்தப் பொண்ணுக்கு அண்ணாச்சி போன் பண்ணி என்னவோ கேக்க, அது 'எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்'னு சொல்ல, வார்த்தை தடிச்சுப் போச்சு. 'என் காசை அமுக்கிட்டு என்கிட்டயே கதை விடுதியா'ங்கிற அளவுக்குப் போயிடுச்சு. மறுநாள் மேலிடத்துக்கு ஒரு புகார் கடிதம். அந்தப் பொண்ணு போன் எடுக்கறதை நிறுத்திடுச்சு.

இந்த நிலைமையிலதான் ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைத் தட்டினார். 'தம்பி, நீங்க இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லணும். நான் தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க'ன்னார். கையில லேப்டாப்.

இனிமே அந்த லேப்டாப்போட வரலாறு. சாஃப்ட்வேரை அண்ணாச்சி முதல்ல வாங்கினது பழைய டெஸ்க்டாப்புக்கு, 750 ரூபாய். இன்ஸ்டால் பண்ணின ரெண்டாம் நாள் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுடுச்சு. லைசென்ஸ் அந்த ஹார்ட் டிஸ்க் நம்பரோட கட்டிப் போட்டது, அதனால டிஸ்க்கோட சேர்ந்து அதுவும் காலி. பையன் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப ஒரு லேப்டாப் வாங்கிட்டு வந்தான். வித்தவர்கிட்ட கேட்டா, 'புது மெஷினுக்குப் புது கீ, இன்னொரு 750'ன்னுட்டார். சரின்னு கட்டினார். கட்டினப்புறமும் ஓடலை, ஆன்டிவைரஸ் அதைப் பிடிச்சு அமுக்கி வெச்சிருச்சு. மறுபடி போன். வித்தவர் என்ன சொன்னார்னு நினைக்கிறீங்க? 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க.'

எனக்கு அங்கயே ரத்தம் கொதிச்சுது. வாரத்துக்கு ஒருத்தராவது 'யாரோ போன் பண்ணினாங்க, சொன்னபடி பண்ணினேன், காசு போச்சு'ன்னு என் மேஜை முன்னாடி வந்து நிக்கிறாங்க. முகம் தெரியாத ஆள் சொன்னா எதையும் ஆஃப் பண்ணாதீங்க, எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்கன்னு நாங்க தொண்டை தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கோம். அறுபது வயசுக்காரர்கிட்ட ஒருத்தர் 750 ரூபாயையும் வாங்கிக்கிட்டு இதுக்கு நேர் எதிரா பாடம் நடத்தறார்.

ஆன்டிவைரஸ் மேலயும் தப்பில்லை. இந்த மாதிரி பொட்டலம் கட்டின ஃபைல்ல பல ரகம், ஓடறப்ப உள்ள இருக்கிறதைப் பிரிச்சு டெம்ப் ஃபோல்டர்ல போடும், தன்னை மறைச்சுக்கும், மெஷினோட நம்பரைத் தோண்டும். வைரஸ் பண்ற வேலையும் அதேதான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம அது கத்துது. யார் செஞ்சதுன்னு சொல்ற டிஜிட்டல் கையெழுத்தும் ஃபைல்ல கிடையாது. அப்புறம் யாரை நம்பி உள்ள விடறது?

இன்னொரு கூத்து, பேர் மட்டும்தான் தனி சாஃப்ட்வேர். பின்னாடி எக்செல் இருந்தாத்தான் ஓடும். எக்செல்லை அண்ணாச்சி தனியா காசு குடுத்து வாங்கியிருக்கணும். அவர் காசுல வாங்கின எக்செல் அவர் மெஷின்லயே கணக்குப் போடுது, அவர் மட்டும் அதைப் பாக்கக்கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் ராத்திரி சம்பள ஸ்லிப்பை எல்லாம் விரிச்சு வெச்சுக்கிட்டுப் பேப்பர்ல போட்டேன். பத்து மாசத்துக்கு எனக்கு வந்தது வங்கி போட்ட அதே தொகை, சில ரூபாய் வித்தியாசம். அப்ப சாஃப்ட்வேர்தான் தப்பு. ஆனா எங்க? ஃபார்முலாவைப் பாக்க முடிஞ்சா அஞ்சு நிமிஷ வேலை. செல் மேல மவுஸை வெச்சா மேல பாரே இல்லை, எல்லாத்தையும் மறைச்சு வெச்சிருக்கார்.

'இன்னொரு மெஷின்ல போட்டுப் பாக்கலாமா அண்ணாச்சி'ன்னேன். 'இன்னொரு 750 கேப்பான்லா'ன்னார். வித்தவருக்கே போன் போட்டேன். 'ஃபார்முலா எங்க தொழில் ரகசியம் சார், இதுவரைக்கும் யாரும் தப்புன்னு சொன்னதில்லை'ன்னு வெச்சுட்டார். அதுக்கப்புறம் மணி அடிச்சுக்கிட்டே இருந்துது, எடுக்க ஆள் இல்லை.

ரெண்டாவது ராத்திரி சும்மா ரெண்டு தொகையையும் வகுத்துப் பாத்தேன். 1.7 மடங்கு. பத்து மாசத்துக்கு 1.7 மடங்குன்னா பதினேழு மாசம். 2022 நவம்பர்ல இருந்து பதினேழு மாசம்னா 2024 மார்ச். ஆஹா! இந்த சாஃப்ட்வேர் அண்ணாச்சி ரிட்டயராகலை, இன்னும் வேலை பாத்துக்கிட்டிருக்கார்னு நினைச்சுக்கிட்டு ஒப்பந்தம் கையெழுத்தான மாசம் வரைக்கும் சம்பளம் போட்டிருக்கு!

ரிட்டயர்மென்ட் தேதி உள்ளயே போகலையா? போயிருக்கு. 31-08-2023-ன்னு அண்ணாச்சி ஒழுங்காத்தான் அடிச்சிருக்கார். மூணாவது ராத்திரிதான் பொறி தட்டுச்சு. இது அமெரிக்காவுல வாங்கின லேப்டாப்!

அமெரிக்காவுல மாசம் முதல்ல, நாள் அப்புறம். அந்த லேப்டாப்போட ரீஜனல் செட்டிங் அமெரிக்காதான், யாரும் மாத்தலை. அதுக்கு 31-08-2023-ன்னு குடுத்தா 31-வது மாசம்னு ஒண்ணு இல்லையேன்னு முழிக்கும். தேதியா எடுத்துக்காம வெறும் எழுத்தா வெச்சுக்கும். எக்செல்ல தேதிங்கிறது உண்மையில ஒரு நம்பர். 1900 ஜனவரி 1-ஐ ஒண்ணுன்னு வெச்சு எண்ணிக்கிட்டே வரும், 2023 ஆகஸ்ட் 31-க்கு 45169. ஆனா எழுத்தையும் நம்பரையும் ஒப்பிடச் சொன்னா, எந்த நம்பரா இருந்தாலும் எழுத்துதான் பெரிசுன்னு எக்செல் சொல்லும். 'ரிட்டயர்மென்ட் தேதி இந்த மாசத்தை விடப் பெரிசா'ன்னு ஃபார்முலா ஒவ்வொரு மாசத்துக்கும் கேட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் 'ஆமா, பெரிசு'ன்னு பதில். அண்ணாச்சிக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது!

சாதாரண ஷீட்டா இருந்தா ஒரு துப்பு கிடைச்சிருக்கும். தேதியா எடுத்துக்கிட்டா வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்தா எடுத்துக்கிட்டா இடது பக்கம். இவர் அழகுக்காக எல்லாத்தையும் நடுவுல நிறுத்தி வெச்சிருக்கார். இருந்த ஒரே துப்பும் போச்சு.

31-Aug-2023-ன்னு ஆகஸ்டை எழுத்துல அடிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு. அடிச்சேன். 1,24,000 சொச்சம் வந்து நின்னுது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்தார். 'அந்தப் பிள்ளையை நான் என்னெல்லாம் பேசிட்டேன் தம்பி'ன்னார். அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லலை.

இதுல யார் மேல தப்பு? தேதியைச் சோதிக்காம ஃபார்முலா எழுதினது ஒரு சின்னத் தப்பு, யாரும் பண்றதுதான். அந்தத் தப்பு மேல போட்ட பூட்டுதான் பெரிய தப்பு. ஃபார்முலா தெரிஞ்சிருந்தா அண்ணாச்சியே கண்டுபிடிச்சிருப்பார், மனுஷன் பேலன்ஸ் டேலி பண்றதுல புலி. குறைஞ்சது மாசவாரியா எவ்வளவுன்னு ஒரு பட்டியல் காட்டியிருந்தாலே போதும், 2023 செப்டம்பர்னு பாத்த உடனே சிரிச்சிருப்பார். அந்த லைசென்ஸ் ரெண்டு மெஷின்ல ஓட விட்டிருந்தா, இந்தியாவுல வாங்கின மெஷின்ல ஒரு விடையும் இதுல ஒரு விடையும் வரும், சந்தேகம் வந்திருக்கும். தப்பைக் கண்டுபிடிக்க இருந்த மூணு வாசலையும் காசு வாங்கிக்கிட்டு அடைச்சிருக்காங்க.

வங்கியில மேக்கர், செக்கர்னு ஒரு வழக்கம் உண்டு. பதிவு போடறவர் ஒருத்தர், சரிபாத்து ஒப்புதல் குடுக்கிறவர் இன்னொருத்தர். போட்டவர் எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் அவரே ஒப்புதல் குடுக்க முடியாது. பூட்டின ஷீட்டுங்கிறது செக்கரே இல்லாத வவுச்சர். அதை நம்பி வரி கட்டறோம், கடிதம் எழுதறோம், சண்டை போடறோம். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் வெறும் விடையை எழுதிட்டு வந்தா 'ஸ்டெப் எங்கடா'ன்னு காதைத் திருகினாரே, அந்தப் புத்தி நமக்கு எங்க போச்சு?

இப்ப என் பங்கு. ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு என் யோக்கியதையைச் சொல்லாம போனா நியாயமில்லை.

2010 ஏப்ரல் 27-ல 9-வது ஒப்பந்தம் வந்தப்ப நான் ஒரு அரியர்ஸ் ஷீட் போட்டேன். திறந்த ஷீட். நண்பர்களுக்கு அனுப்பினேன், அது பல கிளைகளைச் சுத்தி வந்துது. மூணு பேர் தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க, திருத்தினேன். ஆனா ஒரு புண்ணியவான் என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டு அனுப்பியிருந்தார். அந்த ஷீட் சுத்திச் சுத்தி எனக்கே வந்துது. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல்.

2015 மே 25-ல அடுத்த ஒப்பந்தம். இந்தத் தடவை விடறதில்லைன்னு, ஷீட்டை இஎக்ஸ்இ ஆக்கி, பூட்டி, மேல கொட்டை எழுத்துல என் பேரையும் போட்டு அனுப்பினேன். அந்த ஒப்பந்தத்துல பஞ்சப்படி எப்படின்னா, விலைவாசிக் குறியீடு 4440-க்கு மேல ஏறுற ஒவ்வொரு 4 புள்ளிக்கும் 0.10 சதவீதம். முழு நாலு புள்ளி ஏறினாத்தான் உண்டு, மிச்சம் ரெண்டு மூணு புள்ளி நின்னா அதுக்குக் கிடையாது. நான் கீழ வெட்ட வேண்டிய இடத்துல பக்கத்து முழு எண்ணுக்கு மாத்துற ஃபார்முலாவைப் போட்டுட்டேன். மிச்சம் ரெண்டோ மூணோ நின்ன காலாண்டுல எல்லாம் ஒரு ஸ்லாப் கூடுதலாக் காட்டியிருக்கு. நாப்பதாயிரம் அடிப்படைச் சம்பளத்துக்கு மாசம் நாப்பது ரூபாய்.

நாப்பது ரூபாய்தானேன்னு நினைக்காதீங்க. பத்து பைசா டேலி ஆகலைன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் கிளையில உக்காந்த சாதி நாங்க. அந்த ஷீட்டை வெச்சுக்கிட்டு எத்தனை பேர் எத்தனை கிளர்க்குகிட்ட சண்டை போட்டாங்களோ, தெரியாது. நாலு மாசம் கழிச்சு ஒரு கிராமக் கிளையில இருந்து ஒரு கேஷியர் போன் பண்ணினார். பென்சில்ல போட்டுப் பாத்திருக்கார். 'சார், உங்க கணக்கு இடிக்குது. எங்கன்னு பாக்கலாம்னா பூட்டி வெச்சிருக்கீங்களே'ன்னார். திறந்த ஷீட்டுக்கு மூணு செக்கர் தானா வந்தாங்க. பூட்டின ஷீட்டுக்கு நாலு மாசத்துல ஒருத்தர், அதுவும் பென்சிலோட. என் பேரைக் காப்பாத்திக்கப் போட்ட பூட்டு என் தப்பைத்தான் பத்திரமா காப்பாத்துச்சு. அன்னையோட இஎக்ஸ்இ பக்கம் தலை வெச்சுப் படுக்கிறதில்லை.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2010-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அரசாங்கக் கடன் நாட்டோட மொத்த உற்பத்தியில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு அதுல ஒரு சேதி. பல நாட்டு அரசியல்வாதிங்க செலவை வெட்டறதுக்கு அதை மேற்கோள் காட்டினாங்க. 2013-ல தாமஸ் ஹெர்ன்டன்னு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருத்தர் அதைத் திரும்பப் போட்டுப் பாத்தார், விடை வரலை. பேராசிரியர்கள்கிட்ட கேட்டார், எக்செல் ஷீட்டை அனுப்பி வெச்சாங்க. திறந்து பாத்தா, சராசரி எடுக்கிற ஃபார்முலா 30-வது வரிசையில இருந்து 49 வரைக்கும் போகாம 44-லயே நின்னுது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் விட்டுப் போச்சு. இதோட சில வருஷங்களைச் சேர்க்காதது, எடை போட்ட விதம்னு மத்த ஆட்சேபணைகளையும் சரிபண்ணினப்ப, அதிகக் கடன் நாடுகளோட சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம்னு இருந்தது பிளஸ் 2.2 ஆச்சு. தப்பு பண்ணினாலும் அந்தப் பேராசிரியர்கள் ஷீட்டைக் குடுத்தாங்க பாருங்க, அதை நான் மதிக்கிறேன். பூட்டின இஎக்ஸ்இ-யா அனுப்பியிருந்தா அந்த 44 இன்னைக்கும் 44-ஆவே இருந்திருக்கும்.

'உழைச்சுச் செஞ்சவன் என்னதான் பண்றது, எல்லாரும் காப்பி அடிக்கிறாங்களே'ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி, நானே பட்டவன். எக்செல்லோட ஷீட் பாஸ்வேர்டு ஒரு நோஞ்சான் பூட்டு. பழைய எக்செல்ல 1,94,560 சேர்க்கைகளை வரிசையா ஓட்டினா ஏதோ ஒண்ணு திறந்துடும், சில நிமிஷ வேலை. ஷீட் பாதுகாப்பைப் பாதுகாப்பு அம்சமா நினைக்காதீங்கன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. அதனாலதான் விக்கிறவங்க இஎக்ஸ்இ-க்கு ஓடினாங்க. புரியுது. ஆனா கேளுங்க. அரியர்ஸ் ஃபார்முலா யாரோட ரகசியம்? ஒப்பந்தத்துல அச்சடிச்சுக் கையெழுத்துப் போட்டது. வரிக் கணக்கு யாரோட ரகசியம்? நாடாளுமன்றத்துல நிறைவேத்தின சட்டம். ஊர்ச் சொத்தைப் பொட்டலம் கட்டி, அதுக்குப் பேர் தொழில் ரகசியமா? வருமான வரித்துறையே ரிட்டர்ன் போட எக்செல் யூட்டிலிட்டி குடுக்குது. கூடவே எந்தெந்த விதியை வெச்சுச் சோதிக்கிறோம்னு தனியா பட்டியலும் போடுது. அரசாங்கத்துக்கு இருக்கிற வெளிப்படைகூட 750 ரூபாய் வியாபாரிக்கு வேண்டாமா?

விக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்:

1. ஷீட்டுக்குக் காசு வாங்காதீங்க, வேலைக்கு வாங்குங்க. விதி மாறுறப்ப புதுப்பிச்சுக் குடுக்கிறதுக்கு, போன்ல பதில் சொல்றதுக்கு வருஷக் கட்டணம் போடுங்க. காப்பி அடிச்சவனுக்கு அது கிடைக்காது.

2. ஃபார்முலா இருக்கிற செல்லை யாரும் தெரியாம அழிச்சுடக்கூடாதுன்னு பூட்டறது சரி. பூட்டுங்க, மறைக்காதீங்க.

3. வாங்கினவர் பேரை ஷீட்ல அச்சடிங்க. ஊர்ல விட்டா யார் விட்டதுன்னு தெரியும். ஹார்ட் டிஸ்க்கோட கட்டறதை விட அது எவ்வளவோ மேல்.

4. லைசென்ஸ் எத்தனை மெஷின், என்னைக்கு முடியும், மெஷின் செத்தா என்ன பண்ணணும்னு விக்கிறதுக்கு முன்னாடியே தமிழ்லயோ இந்தியிலயோ எழுதிக் குடுங்க. கடையை மூடினா பூட்டுச் சாவி யார்கிட்டங்கிறதையும் சேர்த்து.

5. தேதியை நாள், மாசம், வருஷம்னு மூணு தனிக் கட்டமா வாங்குங்க. கோடி புண்ணியம்.

வாங்கிட்டு முழிக்கிறவங்களுக்கும் நாலு வார்த்தை. முதல்ல ரீஜனல் செட்டிங் இந்தியாவான்னு பாருங்க. 04-05-2024 மே நாலா, ஏப்ரல் அஞ்சான்னு தப்பா எடுத்துக்கிட்டா சத்தமே வராது, தொகை மட்டும் மாறும். முன்ன ஓடினது புது மெஷின்ல ஓடலைன்னா, உங்க ஆபீஸ் 32 பிட்டா 64 பிட்டான்னு பாருங்க. 2019-ல இருந்து புதுசா போட்டா வழக்கமா 64 தான் வருது, பழைய மேக்ரோ பலதும் அதுல படுத்துடும். இன்டர்நெட்ல இருந்து இறக்கின ஃபைல்ல மேக்ரோ ஓடறதை 2022-ல இருந்து மைக்ரோசாஃப்ட் தானாவே தடுக்குது, அதுவும் காரணமா இருக்கலாம். என்ன ஆனாலும் ஆன்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. கீ, பில், நீங்க உள்ள அடிச்ச விவரம், வந்த விடை நாலையும் பிரிண்ட் எடுத்து வெச்சுக்குங்க. ஒரே ஒரு மாசத்தையாவது பேப்பர்ல போட்டுப் பாருங்க. இடிச்சா, பேப்பரை நம்புங்க.

'உள்ள நோண்டினா ஜெயில்'னு அந்த சாஃப்ட்வேர்ல ஒரு எச்சரிக்கை வேற இருந்துது. நான் வக்கீல் இல்லை. ஆனா பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)-ல 'ஏசி'ன்னு ஒரு உட்பிரிவு இருக்கு (குளிர்சாதனம் இல்லைங்க). எதுக்காக வாங்கினோமோ அந்த வேலைக்கு ஓட்டறப்பவே, அது எந்த அடிப்படையில வேலை செய்யுதுன்னு கவனிச்சு, சோதிச்சுப் பாக்கிறது பதிப்புரிமை மீறல் ஆகாதுன்னு சொல்லுது. 2012-ல சேர்த்த 65ஏ பிரிவு, பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறைங்குது. ஆனா உரிமையை மீறுற எண்ணத்தோட உடைச்சாத்தான். நான் பூட்டை உடைக்கலை. ஒரு தேதியை ரெண்டு விதமா அடிச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். பூட்டை உடைச்சு மத்தவங்களுக்கு விக்கச் சொல்லலை. நம்ம காசு சம்பந்தப்பட்ட கணக்கைக் கேள்வி கேக்கிறதுக்குப் பயப்படாதீங்கன்னு சொல்றேன்.

அடுத்த திங்கக்கிழமை அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்தார். கையில ஒரு டப்பா சந்த்ரா பர்ஃபி, புகாரை வாபஸ் வாங்கற கடிதம். அந்தப் பொண்ணு மேஜை முன்னாடி போய் நின்னு தனக்குத் தெரிஞ்ச மராத்தியில என்னவோ சொன்னார். அது எந்திரிச்சு நின்னு கேட்டுது. பர்ஃபியை வாங்கிக்கிச்சு. ஆனா முன்ன மாதிரி 'உக்காருங்க சார்'னு சொல்லலை. அண்ணாச்சியும் அதைக் கவனிச்சார்னு நினைக்கிறேன், திரும்பி வர்றப்ப ஆட்டோவுல ஒண்ணும் பேசலை.

பி.கு: என் 2024 அரியர்ஸ் ஷீட்டைத் திறந்தபடியேதான் விட்டிருக்கேன். பாஸ்வேர்டு கிடையாது. தப்பிருந்தா சொல்லுங்க. பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்கறதா இருந்தா போட்டுக்குங்க, ஆனா அப்புறம் வர்ற போனையும் நீங்கதான் எடுக்கணும்.